ஃப்ரிடோலினின் வயிறு

கோட்டிங்கன்,
6-10-1968

அன்புள்ள அக்காவுக்கு,

மௌலி அநேக நமஸ்காரம். நான் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதற்கும் பதில் போடவும். இங்கே மரங்களெல்லாம் மஞ்சளாகிவிட்டன. லேபில் என் ரிசர்ச் மெதுவாக நகர்கிறது. புரொபசர் இன்னும் திட்டவில்லை, அதுவே போதும்.

இதைத் தம்பி அக்காவுக்கு எழுதுவதாக எண்ணாமல், கால்நடை டாக்டர் வேதவல்லிக்கு நோயாளி வீட்டிலிருந்து வந்த கடிதமாகப் படி. நோயாளி நானில்லை. நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா ஃப்ராவ் ஹார்ட்விக் வளர்க்கும் ஃப்ரிடோலின். (ஃப்ராவ் என்றால் நம் ஊர் ‘திருமதி’, ஹெர் என்றால் ‘திரு’.) ஃப்ரிடோலின் ஃபெரெட் என்ற ஜாதிப் பிராணி. நம் கீரிப்பிள்ளையை இன்னும் நீட்டி, மெத்தென்று வெள்ளையும் பழுப்புமாக மயிர் வைத்து, கண்ணைச் சுற்றிக் கருப்பு பூசினால் எப்படி இருக்கும், அப்படி. அவள் புருஷன் இருந்தபோது முயல் வளைக்குள் இதை விட்டு முயல் பிடிப்பாராம். அவர் போய் நாலு வருஷமாகிறது. அவர் வளர்த்ததில் மிஞ்சியது இது ஒன்றுதான். ஏழு வயது. இந்த ஜாதிக்கு அது தள்ளாத வயது என்கிறார்கள்.

அதற்கு வயிறு சரியில்லை. பச்சையாக, சளி மாதிரி பேதி போகிறது. ஒரு நாள் நன்றாகத் தின்கிறது, மறுநாள் தட்டைப் பார்த்ததும் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு முன்னங்காலால் வாயைத் தேய்க்கிறது. இளைத்து, முதுகெலும்பு விரலில் தட்டுப்படுகிறது. பாலில் ஊறிய ரொட்டிதான் ஆகாரம், வாரத்தில் ஒரு நாள் கொஞ்சம் மாமிசம். இந்த ஊர் டாக்டர், “வயசாகிவிட்டது, ஊசி போட்டு நிம்மதி கொடுத்துவிடலாம்” என்றாராம். இவள் அந்த நிமிஷமே அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். மறுபடி அவரிடம் போகவில்லை.

நேற்று என்னைக் கூப்பிட்டு, “உங்கள் சகோதரி மாடு, குதிரை பார்க்கிறவர்தானே? இதையும் கேட்டு எழுதுங்கள்” என்றாள்.

ஒரு விஷயம். “ஏப்ரல் மாதம்தான் இந்த உபத்திரவம் ஆரம்பித்தது” என்றாள். நான் இந்த வீட்டுக்கு வந்தது ஏப்ரலில். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் ஏப்ரல் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

அம்மாவுக்கு என் நமஸ்காரம்.

மௌலி

தஞ்சாவூர்,
20-10-1968

சிரஞ்சீவி மௌலிக்கு அநேக ஆசீர்வாதம்.

இங்கே நாங்கள் க்ஷேமம். அம்மாவின் முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, வெயில் வந்தால் மறக்கிறது. ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே.

ஃபெரெட்டை நான் பார்த்ததில்லை. கல்லூரியில் ஒரு பாராவாகப் படித்தேன். ஆனால் கீரிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். இரண்டும் மாமிசம் தின்னும் ஜந்துதான். குடல் ரொம்பக் குட்டை. வாயில் போனது மூன்று நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அந்தக் குடலுக்கு ரொட்டியை ஜீரணிக்கத் தெரியாது, பால் அதைக் கலக்கிவிடும். இவ்வளவு வருஷம் தாங்கியது ஆச்சரியம்.

ரொட்டி, பால் இரண்டையும் நிறுத்தச் சொல். கோழியின் இருதயம், கொஞ்சம் ஈரல், எலும்பில்லாத கறி, எல்லாவற்றையும் பொடியாகக் கொத்தி, கோழி வேகவைத்த வெதுவெதுப்பான நீரில் குழைத்து, நாளைக்கு ஐந்து தடவை, தடவைக்கு ஒரு டேபிள் ஸ்பூன். வாரத்தில் இரண்டு நாள் முட்டையின் மஞ்சள் கரு. பழம், பிஸ்கட், தித்திப்பு கூடவே கூடாது. சமையலறைத் தராசில் நாள் தவறாமல் நிறுக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் போடு. என்ன கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள், எத்தனை மணிக்கு, மலம் என்ன நிறம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது. நீ அனுமானிப்பது வேண்டாம்.

நீயும் லேபிலிருந்து வந்ததும் கை கழுவாமல், அந்தச் சட்டையோடு அதைத் தூக்காதே.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “ஏண்டி, அந்த ஜந்துவுக்கு மாமிசம் யார் நறுக்கறா? இவன் கையாலயா?” என்று கேட்டாள். எழுந்து வந்துவிட்டேன்.

வேதவல்லி

கோட்டிங்கன்,
14-11-1968

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். உன் கடிதம் கிடைத்தது. உடம்பு நலம்தான், தடுமன் மட்டும் விடவில்லை.

அம்மாவின் கேள்விக்குப் பதில்: ஆமாம், என் கையால்தான். கறிக்கடையில் கோழி இருதயம் கேட்டபோது எனக்கே என் குரல் யாருடையதோ போல இருந்தது. வீட்டில் தனிப் பலகை, தனிக் கத்தி வைத்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நறுக்கிவிடுகிறேன். இதை அம்மாவுக்குப் படிக்காதே.

ஃப்ராவ் ஹார்ட்விக் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் புருஷன் பாலும் ரொட்டியும்தான் போட்டாராம். உன் கடிதத்தை விரித்து, தமிழ் எழுத்தில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக ஜெர்மனில் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தாள். ஒரே வாரத்தில் பச்சைப் பேதி நின்றது. எடை 640 கிராமிலிருந்து 690. அன்று அவள் எனக்கு ஒரு ஜாடி பிளம்ஸ் ஜாம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மலம் தார் மாதிரி கருப்பாக இருந்தது. புதன் தின்னவில்லை. வியாழன் தேறியது. அடுத்த செவ்வாயும் அதே கதை. நோட்டைப் பின்னால் புரட்டினேன். முதல் வாரத்திலும் செவ்வாய்தான். பச்சையோடு பச்சையாக இருந்ததால் கவனிக்கவில்லை.

ஜாமோடு அவள் தயவும் தீர்ந்தது. சமையலறை அலமாரிக்குப் பூட்டு வந்துவிட்டது. நேற்று சாதாரணமாகக் கேட்பதுபோல், “உங்கள் லேபில் நீங்கள் என்னதான் கரைக்கிறீர்கள்?” என்றாள். உப்பு வகைகள் என்றேன். “எப்படிப்பட்ட உப்பு?” என்றாள். அக்கா, ஏழு மாதமாக இந்த வீட்டில் தண்ணீர்க் குழாயைக்கூடச் சத்தமில்லாமல் திறக்கிறவன் நான்.

நானும் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள் புருஷனுடைய தங்கை மகள் கெர்டா வருகிறாள். நாற்பத்தைந்து வயது, செருப்புக் கடையில் வேலை. கேக்கோடு வந்து, ஃப்ரிடோலினைப் பார்த்து மூக்கைச் சுளிப்பாள். “அத்தை, இந்த நாற்றத்தோடு எத்தனை நாள்? வீட்டை விற்றுவிட்டு எங்கள் பக்கத்தில் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்பது அவள் பல்லவி. ஞாயிறு அவள் வருகிறாள். செவ்வாய் இது கருப்பாகப் போகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்ததை எழுதுகிறேன்.

மௌலி

தஞ்சாவூர்,
23-11-1968

சிரஞ்சீவி மௌலிக்கு ஆசீர்வாதம். நாங்கள் சுகம். தடுமனுக்கு மிளகு கிடைத்தால் ரசம் வைத்துச் சாப்பிடு.

கருப்பு என்பது ரத்தம். இரைப்பையில் கசிந்து, ஜீரண நீரில் ஊறி வருவதால் கருப்பு. இது ஆகாரக் கோளாறு அல்ல, வேறு சமாசாரம். ரப்பர், எலும்புச் சில் எதையாவது விழுங்கியிருக்கலாம், இந்த ஜாதிக்கு ரப்பர் என்றால் உயிர். பழைய பூட்ஸ், குழாய் வாஷர் ஏதாவது கடிபட்டிருக்கிறதா பார். இரைப்பையில் புண் இருக்கலாம். புண்ணைக் கிளறும் ஏதோ ஒரு மருந்தோ, விஷமோ உள்ளே போகிறதாகவும் இருக்கலாம்.

விஷம் என்ற வார்த்தையை நான் எழுதியதாக அந்த அம்மாளிடம் சொல்லிவிடாதே. டாக்டர் காகிதத்தில் எழுதுவதற்கும் சமையலறையில் ஒருவர் வாயிலிருந்து வருவதற்கும் வித்தியாசம் உண்டு. எவர் பெயரையும் எடுக்காதே. ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாளும், மணிக் கணக்காக நோட்டு எழுதி அனுப்பு. வீட்டுக்கு வருகிறவர், போகிறவர், அந்த அம்மாள் என்ன வேலை செய்கிறாள், எல்லாம் இருக்கட்டும்.

இங்கே ஆஸ்பத்திரியில் கொஞ்சம் வேலை அதிகம். பதில் தாமதமானால் கவலைப்படாதே.

வேதவல்லி

கோட்டிங்கன்,
17-12-1968

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். க்ஷேமம். உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்.

பூட்ஸ், வாஷர் எல்லாம் பார்த்தேன். கடிபடவில்லை. நீ கேட்ட நோட்டின் மூன்று வாரப் பக்கங்களைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். சுருக்கம் இதுதான். ஞாயிறு நன்றாகத் தின்கிறது, மலம் சாதாரணம். திங்கள் பகலும் சாதாரணம். செவ்வாய் காலை கருப்பு. எடை 650க்கு வந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு வீட்டை ஒழுங்குபடுத்துகிறாள். யாரும் வரப்போவதில்லை. இரண்டு பேருக்கு மட்டும் மேஜை போடுவதாகச் சொன்னாள்.

வேறு விசேஷமில்லை.

மௌலி

கோட்டிங்கன்,
19-1-1969

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

உன்னிடமிருந்து எட்டு வாரமாக ஒரு வரி இல்லை. பொங்கலுக்கு அம்மா எழுதிய கடிதத்தில், “வேதா வீட்டிலேயே இருக்கிறாள், எனக்குத் துணையாக இருக்கிறது” என்று இருந்தது. நீ ஏன் வீட்டில் இருக்கிறாய்? லீவா? உடம்பு சரியில்லையா?

ஃப்ரிடோலின் மாடிப்படி ஏறுவதில்லை. நேற்றுத் தபால்காரர் போனதும் ஃப்ராவ் ஹார்ட்விக் வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள்.

“உங்கள் சகோதரி ஏன் எழுதவில்லை?”

“வேலையாக இருப்பாள்.”

“அப்படி ஒருவர் இருக்கிறாரா, ஹெர் மௌலி? எனக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. நீங்கள் சொன்னதைத்தான் நம்பினேன்.”

உன் போட்டோவை எடுத்து வந்து காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். திருப்பிக் கொடுக்கும்போது மன்னிப்பும் கேட்கவில்லை.

தயவுசெய்து எழுது.

மௌலி

தஞ்சாவூர்,
2-2-1969

சிரஞ்சீவி மௌலிக்கு அநேக ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் நன்றாக இருக்கிறேன்.

நவம்பர் கடைசியில் ஒரு மிராசுதார் வீட்டுப் பசு கன்று போட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தது. கால்சியம் ஏற்றினேன். ஊசி முடிவதற்குள் செத்துவிட்டது. நான் மருந்தை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று அவர் மேலே எழுதிப்போட்டார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று உத்தரவு. மருந்து அலமாரியின் சாவியை என் கையாலேயே கம்பவுண்டரிடம் கொடுத்தேன். ஆறு வருஷம் என்னோடு வேலை பார்த்த அசோகன், சாவியை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் லீவு என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே எழுது.

பாட்டிலைச் சோதனைக்கு அனுப்பினார்கள். மருந்து சரியானதுதான் என்று போன வாரம் பதில் வந்தது. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினேன். இடையில் உனக்கு எழுதியிருந்தால் அது டாக்டர் எழுதிய கடிதமாக இருந்திருக்காது. அதனால்தான் எழுதவில்லை.

இப்போது உன் நோட்டு. மூன்று வாரத்தையும் நாலு தடவை படித்தேன். உன் நவம்பர் கடிதத்தில் ஞாயிறுதோறும் வந்த கெர்டா இதில் ஒரு ஞாயிறுகூட வரவில்லை. நான் வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கும் யாரும் வரப்போவதில்லை என்றாய். மௌலி, நீ என்ன செய்தாய்?

அவள் வராமலே மூன்று செவ்வாயும் கருப்பாகத்தான் போயிருக்கிறது. உன் கையால் நீயே எழுதியிருக்கிறாய். தவிர, ஞாயிறு மத்தியானம் தின்றது செவ்வாய் காலை வரை அந்தக் குடலில் தங்காது என்று முதலிலேயே எழுதியிருந்தேன். திங்கட்கிழமையைப் பார். திங்கள் சாயங்காலத்துக்கு மேல் அந்த வீட்டில் என்ன நடக்கிறது? கேட்காதே, பார்.

வேதவல்லி

கோட்டிங்கன்,
18-2-1969

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

உனக்கு நடந்ததைப் படித்து இரண்டு நாள் எதிலும் மனது செல்லவில்லை. நீ அதைத் தாங்கிக்கொண்டிருந்த மாதத்தில் நான் இங்கே செய்ததை இப்போது எழுதுகிறேன்.

நவம்பர் கடைசியில், உன் கடிதம் வந்த அன்று, ஃப்ராவ் ஹார்ட்விக் என் அறையில் என் லேப் சட்டைப் பையைத் துழாவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். துவைப்பதற்கு எடுக்க வந்ததாகச் சொன்னாள். “என் சகோதரி எழுதியிருக்கிறாள், விஷமாக இருக்கலாமாம். என் பையில் தேடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கேக்கோடு வருகிறவரைக் கேளுங்கள். இந்த வீடு காலியானால் யாருக்கு லாபம்?” என்றேன். சொல்லும்போதே அது நான் பேசுகிற பேச்சல்ல என்று தெரிந்தது. நிறுத்தவில்லை.

அவள் கீழே போனாள். கூடத்திலிருந்து டெலிபோனில் கெர்டாவிடம் பேசியது மாடி வரை கேட்டது. “இனி வர வேண்டாம். காரணம் உனக்கே தெரியும்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். கிறிஸ்துமஸ் அன்று மேஜையில் நாங்கள் இரண்டு பேர். வானொலியில் பாட்டு. கெர்டா தபாலில் அனுப்பிய பொட்டலத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

கருப்பு நின்றுவிடும் என்று ஒவ்வொரு செவ்வாயும் எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. அதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது. அதனால்தான் கெர்டா ஏன் வரவில்லை என்று சொல்லாமல் நோட்டை மட்டும் பிரதி எடுத்து அனுப்பினேன்.

நேற்றுத் திங்கள். லேபுக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்து பார்த்தேன். திங்கட்கிழமை அவள் துவைக்கும் நாள். நிலவறையில் செப்பு அண்டாவில் வெந்நீர் கொதிக்க வைத்து, துணியைக் கட்டையால் கிளறி, முறுக்கிப் பிழிந்து, ஈரத்தோடு மூன்று மாடி மேலே பரணுக்குத் தூக்கிப்போய் உலர்த்துகிறாள். முன்பெல்லாம் மாதம் ஒரு தடவைதானாம். நான் வந்த பிறகு என் படுக்கை விரிப்பும் துண்டும் சேர்ந்து வாரா வாரம். எழுபத்தொரு வயது. சாயங்காலம் விரல் மடங்கவில்லை. இரண்டு மூட்டுவலி மாத்திரையை, நேற்று மூன்று, ஸ்பூனால் நசுக்கி வெதுவெதுப்பான பாலில் போட்டுத் தேனைக் கலந்து குடித்தாள். அடியில் கசப்பு தங்கும் என்று ஒரு விரற்கடை மிச்சம் வைத்தாள். அதை ஃப்ரிடோலின் நக்கிக் குடித்தது.

“பால் நிறுத்தியாகிவிட்டதே?” என்றேன்.

“இது ஆகாரமில்லையே. நாளெல்லாம் என்னோடு படியேறி இறங்க அதற்கு முடியவில்லை, கீழேயே காத்திருக்கிறது. இந்த ஒரு வாய்தான் எங்கள் இரண்டு பேருக்கும் திங்கட்கிழமை” என்றாள்.

அக்கா, நான் கெமிஸ்ட். எனக்குக் கொஞ்சம் புரிகிறது. நீ சொல்லாமல் வாயைத் திறக்க மாட்டேன்.

மௌலி

தஞ்சாவூர்,
27-2-1969

மௌலிக்கு ஆசீர்வாதம். க்ஷேமம் விசாரிக்க நேரமில்லை, எக்ஸ்பிரஸில் சேர்க்கிறேன்.

மாத்திரையின் பெயர் என்னவானாலும் ஆஸ்பிரின் மாதிரி சாலிசிலிக் வகையாகத்தான் இருக்கும். கரையாத வண்டல் முழுவதும் அடியில் தங்கும். அறுநூறு கிராம் பிராணியின் இரைப்பைக்கு அது தீக்கங்கு. உடனே நிறுத்து. பத்து நாள் கறியைக் கூழாக அரைத்து, ஆறேழு தடவையாகக் கொடு. முட்டைக் கருவைத் தண்ணீரில் அடித்துக் கொடு.

அதைவிட முக்கியம். வண்டலை நக்கிய பிராணிக்கே இப்படி என்றால், டம்ளரைக் குடிக்கிறவளுக்கு? அவள் முகம் வெளுத்திருக்கிறதா? படியில் மூச்சு வாங்குகிறதா? அவளுக்கும் கருப்பாகப் போகிறதா என்று கேட்க வேண்டும். நீ கேட்டால் சொல்ல மாட்டாள். அந்தக் கெர்டாவைப் போய்ப் பார். தள்ளிப்போடாதே.

வேதவல்லி

கோட்டிங்கன்,
23-3-1969

அன்புள்ள அக்காவுக்கு அநேக நமஸ்காரம். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. செருப்புக் கடைக்குப் போனேன். கெர்டா ஒரு குழந்தையின் காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “அத்தைக்கு என்ன?” என்றாள். முழங்காலில் இருந்தவள் எழுந்திருக்கக்கூட இல்லை.

கடைக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள்மேல் பழி போட்டது நான்தான் என்பதையும்.

“நீங்களா?” என்றாள். “நான் ஃப்ரிடோலினைக் கேலி செய்ததற்குத்தான் கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு அதற்கு ஒரு கம்பளித் துண்டு பின்னி அனுப்பினேன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவள் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

வீட்டில் அவளைக் கண்டதும் ஃப்ராவ் ஹார்ட்விக் கதவைப் பாதிதான் திறந்தாள். கெர்டா அந்தப் பாதியில் தோளைக் கொடுத்து உள்ளே போய், என்னை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள். அரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே முதலில் கத்தல், பிறகு ஒன்றுமில்லை. கெர்டா வெளியே வந்தபோது அவள் முகம்தான் வெளுத்திருந்தது. “மூன்று வாரமாகக் கருப்பாகப் போகிறதாம். வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லையாம். வண்டி கூப்பிடுங்கள்” என்றாள்.

ஆஸ்பத்திரியில் அன்றே ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் அவள் ரத்தமாக வாந்தி எடுக்க, இரைப்பையில் ஆபரேஷன் செய்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்று டாக்டர் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் என்னைப் பார்க்க விட்டார்கள்.

“ஃப்ரிடோலினுக்கு நான்தான் கொடுத்தேனா?” என்றாள்.

சுற்றி வளைக்க எனக்கு ஜெர்மன் போதாது. “ஆமாம். தெரியாமல்” என்றேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கிளம்பும்வரை திரும்பவில்லை.

ஃப்ரிடோலினுக்குக் காலையில் நான், மத்தியானம் கெர்டா, சாயங்காலம் மறுபடி நான் ஊட்டுகிறோம். இரண்டு செவ்வாய் கருப்பில்லாமல் போயிற்று. திங்கட்கிழமைத் துணியை இப்போது நான்தான் துவைக்கிறேன். கெர்டா என்னோடு ஆகாரத்தைப் பற்றி மட்டும் பேசுகிறாள்.

அம்மாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நமஸ்காரம் மட்டும் சொல்.

மௌலி

கோட்டிங்கன்,
8-6-1969

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். இங்கே வெயில் வந்துவிட்டது. உன் ஏப்ரல் கடிதத்தில், அசோகன் தானாக வந்து சாவியைக் கொடுத்தான், நீயும் வாங்கிக்கொண்டாய் என்று எழுதியிருந்ததைப் பல தடவை படித்தேன்.

ஃப்ரிடோலின் மே 29ஆம் தேதி இறந்துவிட்டது. நீ எழுதியபடியே கடைசிவரை கொடுத்தோம். ஏப்ரலில் 720 கிராம் வரை வந்து, மாடிப்படிகூட ஏறியது. மே மாதம் திடீர் திடீரென்று பின்னங்கால் தள்ளாடி, எங்கேயோ பார்த்தபடி நின்றுவிடும். அன்று மத்தியானம் ஃப்ராவ் ஹார்ட்விக் மடியில் தூங்கியது. எழுந்திருக்கவில்லை.

அவள் அழவில்லை. “திறந்து பார்க்க வேண்டும். எனக்குத் தெரிய வேண்டும்” என்றாள். ஊசி போடலாம் என்ற அதே டாக்டரிடம் நானே எடுத்துப் போனேன். பக்கத்தில் நின்று பார்த்தேன். இரைப்பையின் உள்புறத்தில் இரண்டு வெள்ளைத் தழும்புகள். கணையத்தில் உளுந்தளவுக் கட்டி ஒன்று, தொட்டால் கடினம். “இதுதான் காரணம். வயதான ஃபெரெட்டுக்கு வருவது. தடுக்க முடியாது” என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அவளும் கெர்டாவும் சமையலறையில் காத்திருந்தார்கள். சொன்னேன்.

“புண்?”

“ஆறிவிட்டது.”

“இரண்டுமா?”

“இரண்டும்.”

ஃப்ராவ் ஹார்ட்விக் மேஜை விரிப்பைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, “ஹெர் மௌலி, ஒன்று சொல்ல வேண்டும். குளிர்காலம் முழுவதும் அது நீங்களாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீங்களாக இருந்தால் காலி செய்யச் சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன்” என்றாள்.

“நான் கெர்டாவாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்” என்றேன்.

கெர்டா கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைக்காமலே, “நான் உங்கள் இரண்டு பேரையும்தான் நினைத்தேன். யாரென்று தீர்மானிக்க முடியவில்லை” என்றாள்.

முதலில் சிரித்தது ஃப்ராவ் ஹார்ட்விக்தான். ஆபரேஷன் செய்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதே, வலிக்கிறது” என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

கடைசியில், “உங்கள் சகோதரி அவ்வளவு தூரத்திலிருந்து யாரை நினைத்தார்? கேட்டு எழுதுங்கள்” என்றாள். கேட்கிறேன். அக்கா, நீ யாரை நினைத்தாய்?

மௌலி

தஞ்சாவூர்,
21-6-1969

சிரஞ்சீவி மௌலிக்கு அநேக ஆசீர்வாதம். நானும் அம்மாவும் சௌக்கியம். அந்தப் பிராணி வலியில்லாமல் போனதே பெரிது. இவ்வளவு வயதில் அதற்குமேல் வைத்தியத்தில் ஒன்றுமில்லை என்று அந்த அம்மாளிடம் சொல்.

உன் கேள்விக்குப் பதில். முதலில் உன்னைத்தான். தெரிந்து செய்வாய் என்றல்ல. லேபில் எதையாவது தொட்டுவிட்டு, கையைக் கழுவாமல் அதைத் தூக்குகிறாய் என்று நினைத்தேன். கை கழுவச் சொல்லி எழுதியது அதனால்தான். நோட்டில் கெர்டாவின் பெயர் இல்லாமல் போனதைப் பார்த்தபோது, தெரிந்தே ஏதோ செய்துவிட்டாயோ என்றும் ஒரு ராத்திரி நினைத்தேன். நான் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, என்னை நம்பாதவர்களை ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டிருந்த சமயம் அது. உன்னையும் அப்படித்தான் பார்த்தேன்.

இதை மாற்றாமல் அப்படியே அவர்களுக்கு ஜெர்மனில் சொல்.

வேதவல்லி